தண்ணீர் படாத பல்

பல்லில் ஒன்றை ஒட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் பதினான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சொல்லிக்கொண்டும் திரிந்தேன். கூடப் படித்தவர்கள் யாராவது, அடைத்த பல் ஒரு மாதத்தில் விழுந்துவிட்டது என்று புலம்பினால், “என்ட கையால ஒட்டினது விழுந்ததில்ல” என்பேன். அந்த வாய்க்கொழுப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு நோன்பு மாதத்தில் நன்றாகக் கிடைத்தது.

காலையில் அரசாங்க வேலை, நாலு மணிக்குப் பிறகு சொந்தக் கிளினிக். வீடு பழுகாமத்தில். பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிக்குடியில் பெரிய வீதிக்கு ஏறி, குருக்கள்மடம் தாண்டி ஆரையம்பதி வரை தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். கிளினிக்கில் ஒரு கதிரை, காற்றடிக்க ஒரு கொம்பிரசர், உதவிக்கு ஒரு அக்கா. அக்கா அதிகம் பேசமாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன். பக்கத்திலேயே காத்தான்குடி என்பதால் வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருவார்கள்.

அந்த வருடம் நோன்பு இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு மௌலவியா வந்தார். மார்க்கக் கல்வி படித்து, பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, மேல் முன்பல் ஒன்று குறுக்காக உடைந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. முக்காட்டின் ஓரத்தால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினார். பேசும்போது காற்று வந்தது.

“வடிவுக்கு இல்ல டொக்டர்,” என்றார் முதல் பேச்சாகவே. “எனக்கு ஓதிக் குடுக்கணும். மூணு எழுத்து இரிக்கி, நாக்கு நுனி இந்தப் பல்லுட விளிம்புல படணும். பல்லு இல்லாட்டி அந்த எழுத்து வராது.”

நோன்பு இருபத்தைந்தில் அவருடைய பிள்ளைகளுக்கு ஓதல் பரீட்சை இருந்தது. வெளியூரிலிருந்து ஒரு மௌலவி வந்து கேட்பார். பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாரும் ஒன்பது பத்து வயது. முதலில் சொல்லிக்கொடுத்தவர் ஓதிக் காட்ட வேண்டும், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓத வேண்டும். அவர் முதன்முதலாகப் பொறுப்பெடுத்த வகுப்பு அது. இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் கையுறையைப் போட்டுக்கொண்டே, “இது அரை மணித்தியால வேலை” என்றேன்.

அரை மணித்தியால வேலைதான். முதலில் பல்லின் உடைந்த முகத்தில் நீல நிற அசிட் ஜெல்லைப் பூசிப் பதினைந்து விநாடி விட வேண்டும். அது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். பிறகு தண்ணீர் அடித்து நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு பொண்ட் எனப்படும் ஒட்டுத்திரவத்தைச் சின்னத் தூரிகையால் தேய்த்துப் பூசி, மெதுவாகக் காற்று விட்டு, நீல லைட்டைப் பிடித்தால் அது இறுகும். அதற்கு மேல் பல் நிறத்துப் பசையை வைத்துப் பல்லைக் கட்டி எழுப்பலாம். பார்க்கிறவருக்குப் பசைதான் தெரியும். தாங்குவது என்னவோ அடியில் கிடக்கும் அந்த ஒட்டு.

நோன்பு காலத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். நோன்பு பிடித்தவர்களின் வாய்க்குள் தண்ணீர் அடிக்கமாட்டேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை, நானாகவே செய்தது. பக்கத்து ஊரில் கிளினிக் நடத்துகிறவள், அவர்களுடைய நோன்பு முறையெல்லாம் எனக்குத் தெரியும் என்ற பெருமை. மௌலவியாவுக்கும் அப்படியே செய்தேன். ஜெல்லை ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஒரு சொட்டு ஈரமும் தொண்டைக்குப் போகக்கூடாதென்று பல் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும்வரை காற்றடித்துக் காயவைத்தேன். பொண்ட் கசக்கும், அந்தக் கசப்பு நாக்கில் பட்டால் பாவம் என்று ஒரே தொடுகையில் தொட்டு வைத்தேன். மௌலவியா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். இவ்வளவு நல்ல நோயாளி கிடைப்பது அபூர்வம் என்று அக்காவிடம் சொன்னேன்.

பல் அழகாக வந்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் பார்க்கவேயில்லை. மெதுவாக ஏதோ ஓதிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

ஒட்டிய ஆறாம் நாள் அந்தத் துண்டு கழன்று விழுந்தது. அதை ஒரு டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் கையால் ஒட்டியது விழுந்ததில்லை அல்லவா? ஆகவே பிழை அவரிடம்தான் இருக்க வேண்டும்.

“ஈச்சம்பழம் கடிச்சீங்களா?” என்றேன்.

“நோன்பு துறக்கக்குள்ள ஒண்டு எடுத்தன். கொட்டய எடுத்துப்போட்டுத்தான் கடிச்சன்.”

“அதுதான். முன்பல்லால கடிக்கப்படாது எண்டு சொன்னன்தானே?”

சொல்லியிருக்கவில்லை. சொன்னதாக அந்த நேரத்தில் உறுதியாக நம்பினேன். அவர் மறுக்கவில்லை. “இனி கடிக்கமாட்டன்” என்றார். இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் கவனமாக ஒட்டினேன். கவனம் என்றால் இன்னும் நன்றாகத் துடைத்து, இன்னும் நன்றாகக் காயவைத்து. அது நாலு நாள்தான் நின்றது.

இந்தத் தடவை அவரைக் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “ஈச்சம்பழத்தக் கையால நசுக்கித்தான் வாயில வெச்சன் டொக்டர்.”

“நண்டு?”

“இல்ல.”

“தையலும் தைக்கிற எண்டு சொன்னீங்கதானே? நூலப் பல்லால அறுக்கிற பழக்கம் இருக்கா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “முந்தி இருந்த. இப்ப கத்தரிக்கோல்தான்.”

“முந்தி இருந்த பழக்கம் தன்னப்பாட்டில வரும்,” என்று வழக்கைத் தீர்த்து வைத்தேன்.

ஆனாலும் உள்ளுக்குள் அரித்தது. கொம்பிரசரில் பிழையோ என்று பார்த்தேன். இந்த வாவிக்கரையில் எந்த இயந்திரத்துக்குள்ளும் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் கலந்து வந்தால் ஒட்டு பிடிக்காது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துகிற ஒருவரைத்தான் நான் இதற்கும் கூப்பிடுவது. அவர் வந்து அடித்தொட்டியைத் திறந்தார், ஒரு கோப்பை தண்ணீர்கூட வரவில்லை. “மெசின் நல்லா இருக்கு மிஸ்” என்றார். நல்லா இருப்பதாகச் சொல்ல ஒருவரை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டோமே என்று எரிச்சலாக இருந்தது. லைட்டைச் சோதித்தேன், அதுவும் ஒழுங்காக எரிந்தது.

மிஞ்சியது போத்தல். இறக்குமதிப் பொருள்கள் எல்லாம் இழுபறியாக வந்துகொண்டிருந்த காலம். வெயிலில் எங்கேயோ கிடந்து பழுதாகியிருக்கும் என்று கொழும்புக் கம்பனிக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டேன். எடுத்த பையன் பணிவாகத்தான் பேசினான். “டொக்டர், போத்தல்ல பிழை வராது. எப்படிப் பூசுறீங்க என்றதிலதான் எல்லாம் இருக்கு. உள்ளே ஒரு தாள் வரும், அதை ஒருக்காப் பாருங்களேன்” என்றான். பல் வைத்தியம் படிக்காத ஒருவன் எனக்குப் பூசச் சொல்லித்தருவதா? போனை வைத்துவிட்டேன். அந்தத் தாளைப் பெட்டியோடு குப்பையில் போட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

புதுப் போத்தல் உடைத்து மூன்றாம் தடவை ஒட்டினேன். ஐந்து நாள் நின்றது.

அன்றைக்கு நான் நடந்துகொண்ட விதத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், கதவு அரைவாசி திறந்திருந்தது. டிஷ்யூவைக் கண்டதுமே குரல் உயர்ந்துவிட்டது. “உண்மையச் சொல்லுங்க. என்னத்தக் கடிச்ச? உங்கட வாய்க்குள்ள நான் வந்து இருந்து பாக்க ஏலாதுதானே?” என்றேன்.

“கஞ்சி மட்டும்தான் டொக்டர் குடிக்கன். ஸஹருக்கும் அதுதான். பத்து நாளா ஒண்டும் கடிக்கல்ல.” முக்காட்டை வாயருகே இன்னும் இழுத்துக்கொண்டார். “நான் பொய் சொல்றல்ல.”

நோன்பு பிடித்திருக்கிற ஒரு மௌலவியாவை, ஆட்கள் கேட்க, பொய்காரி என்று சொல்லியிருக்கிறேன். பத்து நாளாக விடியுமுன் ஸஹர் சாப்பாட்டிலும் நோன்பு திறக்கும்போதும் கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொடாமல் இருந்தவரை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “நாளண்டைக்கு வாங்க, யோசிச்சுச் செய்வம்” என்று அனுப்பிவிட்டேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானம் கிளினிக்கைத் திறந்து, பிடுங்கிய பற்களைப் போட்டு வைத்திருக்கும் மருந்துப் போத்தலை எடுத்தேன். அக்காவையும் வரச்சொல்லியிருந்தேன். ஒரு பல்லைப் பாதியாக வெட்டி, ஜெல் பூசி, கழுவி, பொண்ட் பூசி, பசைத் துண்டொன்றை ஒட்டினேன். இறுகியதும் குறட்டால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தபோது பல்தான் உடைந்தது, ஒட்டு அப்படியே நின்றது. இன்னொன்று ஒட்டினேன், அதுவும் அப்படித்தான். அதே போத்தல், அதே லைட், அதே காற்று.

“பாத்தீங்களா அக்கா? எல்லாம் சரியா இருக்கு. அவவுட வாய்க்குள்ளதான் என்னவோ பிழை,” என்றேன்.

அக்கா குறட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “டொக்டர், நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது.”

“சொல்லுங்க.”

“இதுக்கெல்லாம் நீங்க தண்ணி அடிச்சுக் கழுவின. அவவுக்கு ஒருநாளும் அடிக்கல்லையே.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று அக்கா திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாவது பல்லை எடுத்தேன். மௌலவியாவுக்குச் செய்த மாதிரியே ஜெல்லை ஈரப் பஞ்சால் துடைத்து, வெளுக்கும்வரை காயவைத்து, பொண்ட்டை ஒரே தொடுகையில் வைத்து, பசைத் துண்டை ஒட்டினேன். குறட்டால் இழுக்கவே தேவைப்படவில்லை. கட்டைவிரலால் தள்ளினேன், கழன்று மேசையில் விழுந்தது.

படித்த விஷயம்தான். பல்லின் உட்பகுதியில் அசிட் பட்டதும் சுண்ணாம்பு கரைந்து, நுண்ணிய நார்கள் மட்டும் மிஞ்சும். வாவியில் வலை தண்ணீருக்குள் இருக்கும்போது விரிந்து நிற்கும், கரையில் இழுத்துப் போட்டால் சுருண்டு படுத்துவிடும். அந்த நார்களும் அப்படித்தான். ஈரம் கொஞ்சம் இருந்தால் விரிந்து நின்று ஒட்டை உள்ளே விடும், காய்ந்தால் படுத்து வழியை அடைத்துவிடும். பஞ்சால் துடைத்தால் அசிட்டின் மிச்சமும் அங்கேயே கிடக்கும். பொண்ட்டைத் தேய்க்காமல் தொட்டு வைத்தால் அது மேலோடு நின்றுவிடும். மூன்று பிழை, மூன்றையும் மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறேன். மற்ற நோன்பாளிகளுக்கு ஏன் விழவில்லை என்றால், அவர்களுக்கு அடைத்ததெல்லாம் கடைவாய்ப் பல்லின் குழி. குழிக்குள் இருப்பது ஒட்டாவிட்டாலும் கொஞ்சக்காலம் கிடக்கும். முன்பல்லுக்கு ஒட்டை விட்டால் வேறு பிடிமானமே இல்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மௌலவியா வந்தார். மறுநாள் பரீட்சை. தண்ணீர் அடிக்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். “இந்தமுறை தண்ணியால கழுவித்தான் ஒட்ட வேணும். நோன்பு எண்டதால நீங்க நோன்பு திறந்திட்டு வந்தாலும் சரி, நான் நிண்டு செஞ்சு தாறன்” என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். “தண்ணி அடிச்சா என்ன டொக்டர்? விழுங்காட்டிச் சரிதானே. ஒழு எடுக்கக்குள்ள நாங்க வாய் கொப்புளிக்கிறம்தானே, நோன்போடதானே அதுவும்.”

“அப்ப ஏன் முதல் நாளே சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே. முன்பல்லுக்கு இப்பிடித்தான் செய்யிற எண்டு நான் நினச்சன். டொக்டர்ர வேலைக்குள்ள நான் என்னத்தச் சொல்ற?”

தினமும் நாலு மணிக்கு நான் ஸ்கூட்டரில் கடக்கும் பள்ளிவாசலில் வீதியோரமாகவே வரிசையாகக் குழாய்கள் இருக்கின்றன. தொழுகைக்கு முன்னர் ஆட்கள் குந்தியிருந்து கை முகம் கழுவி, வாய் கொப்புளித்துத் துப்புவதைப் பதினான்கு வருடமாகப் பார்த்திருக்கிறேன். நோன்பிலும் பார்த்திருக்கிறேன். அது என் வேலைக்குச் சம்பந்தப்பட்டது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவருடைய மார்க்கத்துக்குள் நான் எப்படிக் கேட்பது என்று நானும், என்னுடைய வேலைக்குள் அவர் எப்படிச் சொல்வது என்று அவரும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அதில் நான் மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல முடியாது, கத்தியிருக்கிறேன்.

கழுவினேன். அக்கா எச்சில் உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் பிடித்திருக்க, தண்ணீர் அடித்து நன்றாகக் கழுவினேன். பஞ்சால் ஒற்றி, பல் ஈரமாக மினுங்கும்போதே நிறுத்தினேன். பொண்ட்டை இருபது விநாடி எண்ணித் தேய்த்தேன். மெல்லக் காற்று விட்டு, திரவம் அசையாமல் நின்ற பிறகு லைட் பிடித்தேன். எல்லாம் முடிந்ததும் நகத்தால் தட்டி, கருவியால் நெம்பிப் பார்த்தேன், நின்றது. அவர் அந்த மூன்று எழுத்தையும் ஓதிப் பார்த்தார். காற்று வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு நல்ல பசி எடுத்தது, மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

பெருநாள் கழிந்து ஒரு கிழமையில் மௌலவியா ஒரு பாத்திரத்தில் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் கொண்டு வந்தார். பல்லைப் பார்த்தேன், அசையவில்லை. “பரீட்ச என்ன மாதிரி?” என்றேன், நல்ல பதிலை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டே.

“நான் ஓதினது சரி டொக்டர். வந்த மௌலவியும் நல்லம் எண்டார்.” பாத்திரத்தை மேசையில் வைத்தார். “மறுகா புள்ளயள் ஓதினாங்க.”

முதல் பிள்ளை அந்த எழுத்துக்கு வந்தபோது காற்றுச் சத்தம் வந்ததாம். மௌலவி நிறுத்தி, மீண்டும் ஓதச் சொன்னார். மீண்டும் காற்று. பல் விழுந்த பிள்ளையாக்கும் என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னார். பல்லெல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டாவது பிள்ளைக்கும் காற்று வந்தது. பன்னிரண்டு பேருக்கும் வந்தது.

“என்ட வாயப் பாத்துத்தானே புள்ளயள் படிக்கிற,” என்றார். “மூணு கிழமையா உடஞ்ச பல்லாலயும், ஒட்டினது விழுந்திரும் எண்டு நாக்கப் படவைக்காமலும் நான் எப்பிடிச் சொன்னனோ, அதத்தான் சரி எண்டு புடிச்சிட்டுகள். ஒரு புள்ளயும் பாசாகல்ல.”

“இப்பதான் பல்லு சரியாச்சே. இனித் திருத்தலாம்தானே?”

“திருத்தத்தானே வேணும். புதுசாப் படிக்கிறெண்டா ஒரு மாசம் போதும். புடிச்சத உடவைக்கிறெண்டா…” கையை விரித்தார். “அடுத்த நோன்பு வந்திரும்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பொய்காரி என்றதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க டொக்டர். எங்கட நோன்ப மதிச்சித்தானே அப்பிடிச் செஞ்ச. உங்களுக்காக நான் தொழுகையில துஆ கேட்டன்.”

வட்டிலாப்பத்தை வேறொரு தட்டுக்கு மாற்றிவிட்டு, அவரைக் கதிரையில் காத்திருக்க வைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்துத் தேவைக்கும் அதிக நேரம் கழுவினேன்.